தொழில் என்ற கட்டம்

ஆத்தூர்
6 ஜனவரி 2025

திரு. தங்கமுத்து அவர்களுக்கு,

அழகுராஜாவின் மனைவி கௌசல்யா எழுதுவது. நானும் இளவேனிலும் நலம். மதினி ராமுத்தாயை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். உங்களை விசாரிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. வந்ததும் விசாரிக்கிறேன்.

என் எண்ணைப் பார்த்தால் நீங்கள் போனை எடுப்பதில்லை. கடிதத்தை அப்படித் துண்டித்துவிட முடியாது. தபால்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார். அதனால்தான் இது.

நீங்கள் மேஸ்திரியாக இருந்த கல்மாவு மில்லில் என் வீட்டுக்காரர் ஒன்பது வருடம் வேலை பார்த்தார். வெங்கச்சங்கல்லை உடைத்து, அரைத்து, சலித்து, மூட்டை பிடிக்கிற வேலை. தங்கச்சி புருஷன் சும்மா இருக்கக் கூடாது என்று அவரை அங்கே கூட்டிப்போனது நீங்கள். நெஞ்சு அடைக்கிறது என்று அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது காசநோய் என்றார்கள். மூன்று தடவை, ஆறாறு மாதம், மாத்திரை சாப்பிட்டார். காசமாக இருந்தால் குணமாகியிருக்க வேண்டும்.

அவருடைய எக்ஸ்ரே படங்கள் நான்கை அரிசி டிரம்முக்குப் பின்னால் மடங்காமல் நிறுத்தி வைத்திருந்தேன். போன அக்டோபரில் வேறொரு டாக்டர் அவற்றைப் பார்த்தார். இது காசமே இல்லை, நுரையீரல் முழுக்கக் கல்தூசி, இதற்கு சிலிக்கோசிஸ் என்று பெயர் என்றார். என் புருஷனைக் கொன்றது எது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறது.

அந்த டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போனது ரஃபியா. திண்டுக்கல்லில் மூச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், என்னைவிட இளையவள். தூசியால் படுத்துவிட்டவர்களையும் அவர்கள் வீட்டாரையும் வாரம் ஒருமுறை கூட்டி உட்கார வைக்கிறாள். அவளுடைய அத்தா கிதர் முகம்மது தோல் வியாபாரி. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் அவர் கடை மூடியிருக்கும் இரண்டு மணி நேரம் எங்களுக்கு. முதல் கூட்டத்தை மாடி அறையில் வைத்துவிட்டாள். பதினேழு படி. வந்தவர்களில் ஒருவராலும் ஆறாவது படியைத் தாண்ட முடியவில்லை. ரஃபியா தலையில் அடித்துக்கொண்டு இறங்கி வந்து தெருவிலேயே கூட்டத்தை நடத்தினாள். அதிலிருந்து கீழே, தோல் கட்டுகளுக்கு நடுவில்தான் உட்காருகிறோம்.

நம் மில் ஆட்கள் மட்டும் பதினான்கு பேர். நான்கு பேர் இப்போது இல்லை. பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை, திண்டுக்கல்லில் மருத்துவக் குழு உட்காருகிறது. இது வேலையால் வந்த நோய் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் வீட்டில் வைக்கும் ஆக்ஸிஜன் இயந்திரத்திலிருந்து குடும்பத்துக்கான உதவி வரைக்கும் எதுவும் நகரும்.

மில்லில் கேட்டதற்கு முதலாளி எழுத்தில் பதில் கொடுத்திருக்கிறார். இந்தப் பதினான்கு பேரும் யாரென்றே தெரியாதாம். அவர்களுடைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளையே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். பார்த்தோம். பதினான்கு சீட்டிலும், தொழில் என்ற கட்டத்தில், விவசாயக் கூலி என்றுதான் இருக்கிறது.

அப்படிச் சொல்லச் சொன்னது யார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். மில்லில் யார் பேரும் பதிவில் கிடையாது. யார் எந்த மிஷினில் நின்றார்கள் என்பது மேஸ்திரிக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் வந்து இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். “இவர்கள் என்னிடம் வேலை பார்த்தார்கள். தோட்டவேலை என்று சொல்லச் சொன்னது நான்.”

பதினான்கு பெயர்களின் பட்டியலை, அவரவர் எங்கே நின்றார்கள் என்று எங்களுக்குத் தெரிந்தவரை எழுதி, இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கௌசல்யா அழகுராஜா


கொடைரோடு
15 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி கௌசல்யாவுக்கு அண்ணன் தங்கமுத்து எழுதிக்கொண்டது.

திரு என்று போட்டிருந்ததால் ஏதோ கோர்ட்டு நோட்டீஸ் என்று நினைத்து வாங்க மாட்டேன் என்றுவிட்டேன். உன் மதினிதான் கையெழுத்தைப் பார்த்து வாங்கினாள். “ஒடம்பொறந்தவ எழுத்துக்கூட அடையாளம் தெரியலையா? அம்புட்டுப் பெரிய மேஸ்திரி ஆயிட்டீகளோ?” என்று கேட்டாள். நல்ல நாளும் அதுவுமாக, உன்னால் வீட்டில் எனக்கு இந்தப் பேச்சு.

ஆமாம், நான்தான் சொல்லச் சொன்னேன். உன் வீட்டுக்காரன் உட்பட எல்லாருக்கும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று ஒரு வரி கேட்டாயா நீ?

மைதீன் பிச்சையை ஞாபகம் இருக்கிறதா? டவுனிலிருந்து முதல் பஸ்ஸில் வருவான். 2016இல் அவனுக்கு இருமல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனான். என்ன வேலை என்று கேட்டதற்குக் கல்மாவு மில் என்று உள்ளதைச் சொல்லிவிட்டான். அடுத்த வாரம் ஜீப்பில் ஆட்கள் வந்து மில்லை மூடினார்கள். பதினோரு நாள். தூசி ஒரு பிடி குறைந்ததா? முப்பது வீட்டு அடுப்பு எரியாததுதான் மிச்சம். திரும்பத் திறந்தபோது மைதீனுக்கு மட்டும் வேலை இல்லை. அதற்குப் பிறகுதான் நான் சொன்னேன், ஆஸ்பத்திரியில் கேட்டால் தென்னந்தோப்பு என்று சொல்லு, பூந்தோட்டம் என்று சொல்லு, மில்லை மட்டும் சொல்லாதே என்று. அடுப்பு எரியட்டும் என்றுதான் சொன்னேன். அந்த அடுப்பில் நீயும் சோறு வடித்தாய்.

இப்போது முதலாளியின் மாந்தோப்பில் காவல் இருக்கிறேன். ஓர் அறை, தண்ணீர், கரண்டு. உண்மையிலேயே தோட்டவேலைக்கு வந்துவிட்டேன் பார். இதையும் விட்டுவிட்டு இந்த வயதில் நான் எங்கே போக? உன் வீட்டுக்கா? மாப்பிள்ளையின் பதினாறாம் நாளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எடுத்துக்கொண்டு உன் வாசலுக்கு வந்தேன். மூன்று தரம் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். உள்ளே ஆள் நடமாட்டம் தெரிந்தது. கதவு திறக்கவில்லை. ஊரே பார்த்தது. அந்தச் சேலை இன்னும் என் டிரங்குப் பெட்டியில்தான் கிடக்கிறது.

நான் வர மாட்டேன். இத்தோடு விட்டுவிடு.

இளவேனிலுக்கு மாமாவின் அன்பு. நன்றாகப் படிக்கட்டும்.

அண்ணன்,
தங்கமுத்து


ஆத்தூர்
25 ஜனவரி 2025

தங்கமுத்து அண்ணனுக்கு,

திருவை எடுத்துவிட்டேன். தபால்காரருக்குத் தொந்தரவு வேண்டாம்.

உன் கடிதத்தை நேற்று தோல் கடைக்கு எடுத்துப்போனேன். ரஃபியா நின்றுகொண்டே படித்தாள். படித்து முடித்துவிட்டு, “அக்கா, இது போதும். இவங்க வரவே வேணாம். தன் கையாலயே எழுதிட்டாங்களே” என்றாள். புவனேஸ்வரியைத் தெரியுமே, வீட்டுக்காரரை ஆக்ஸிஜனில் படுக்க வைத்துவிட்டு வாரம் தவறாமல் வருகிறாள். அவள் அழுதேவிட்டாள். ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் கொடுக்க மாட்டேன் என்றேன்.

பெரிய சண்டை. “பதினாலு குடும்பத்து உசுர வச்சு நீ அண்ணங்கூட வீம்பு பிடிக்கியாடி?” என்று கேட்டாள் புவனேஸ்வரி. அவள் கேட்டதில் தப்பில்லை. நான் எழுந்து பஸ் ஏறிவிட்டேன். பதிலை உனக்குத்தான் எழுத வேண்டும்.

என் வீட்டுக்காரரைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நர்ஸ் வந்து தொழில் என்ன என்று கேட்டார். அவர் வாயைத் திறந்தார். வார்த்தை வருவதற்குள் பக்கத்தில் நின்ற நீ, பூந்தோட்டம் என்றாய். அவர் உன்னைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நானும் பேசாமல் நின்றேன். வாழ்நாளில் ஒரு செவ்வந்திக் கன்றுகூட நட்டறியாத மனுஷன், பூந்தோட்டக்காரனாகச் செத்துப்போனார். பதினாறாம் நாள் நான் கதவைத் திறக்காததற்கு நீ மட்டும் காரணம் என்று நினைத்துக்கொள்ளாதே. திறந்திருந்தால் உன் முகத்தில் என் முகத்தையும் பார்த்திருப்பேன்.

சாயங்காலம் தூசி இறங்கட்டும் என்று ஆளுக்கு ஒரு வெல்லக்கட்டி கொடுப்பாயே. அதை அவர் தின்றதே இல்லை. சட்டைப் பையில் போட்டு இளவேனிலுக்குக் கொண்டுவருவார். வெல்லம் பல்லில் நெறநெறக்கிறது என்று சொல்லிக்கொண்டே தின்பாள். நாங்கள் இரண்டு பேரும் சிரிப்போம். நெறநெறத்தது கல்மாவு என்று இப்போதுதான் உறைக்கிறது. போன மாதம் அவளுக்கும் படம் எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வெல்லம் வயிற்றுக்குத்தானே போனது என்று டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருவர் சொல்ல வேண்டியதை இன்னொருவர் முந்திக்கொண்டு சொன்னதால் வந்த வினை இது. அதையே நான் உனக்குச் செய்ய மாட்டேன். கோபத்தில் தங்கச்சிக்கு எழுதியதை உனக்குத் தெரியாமல் சபையில் நீட்டி ஜெயிப்பது எனக்கு வேண்டாம். உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை. போனில் படம்கூடப் பிடிக்கவில்லை. அடுப்பில் போடுவதாக இருந்தால் போட்டுக்கொள்.

ஆனால் ஒன்று. நீ வந்தாலும் வராவிட்டாலும் நாங்கள் போகத்தான் போகிறோம். உயிரோடிருக்கும் பத்துப் பேரும், இல்லாத நாலு பேரின் வீட்டாரும், ஒவ்வொருவராக எழுந்து, நாங்கள் பொய் சொன்னோம், இதுதான் நிஜம் என்று சொல்வோம். நம்பினால் நம்பட்டும். நம்பாவிட்டால் அடுத்த சபைக்குப் போவோம். இனிமேல் என் புருஷன் பூந்தோட்டத்தில் வேலை பார்த்தார் என்று யார் எழுதினாலும் அடித்துத் திருத்துவேன்.

கௌசல்யா


கொடைரோடு
5 பிப்ரவரி 2025

தங்கச்சி கௌசல்யாவுக்கு,

உன் கடிதமும் என் கடிதமும் ஒரே உறையில் வந்தன. என்னுடையதை அடுப்பில் போடத்தான் எழுந்தேன். உன் மதினி பிடுங்கிக்கொண்டாள். “அவ குடுத்திருக்கலாம்ல? குடுக்கலைல? அப்ப இது எரியக் கூடாது” என்று எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள். கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

நான் வருவதாக இதில் எழுதவில்லை. ஆனால் உன் பட்டியல் தப்பு. தப்பான பட்டியலோடு சபைக்குப் போனால் சிரிப்பார்கள். புவனேஸ்வரி வீட்டுக்காரன் நின்றது சல்லடையில் இல்லை, அரைவை மிஷினில். தூசி அங்கேதான் அதிகம். மூட்டை தைக்கும் பகுதியில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், அவர்களை விட்டுவிட்டாய். யார் எங்கே நின்றார்கள், எத்தனை வருடம் என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

மைதீன் பிச்சையின் பெயரும் இல்லை. அதை எப்படி விட்டாய்? முதலில் உள்ளதைச் சொன்னவன் அவன்தான். மில்லை மூட வைத்தவன் என்று அதன் பிறகு நாங்கள் யாரும் அவனோடு பேசவில்லை. டீக்கடைக்கு அவன் வந்தால் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போவோம். எழுந்து போகச் சொன்னதும் நான்தான். ஒரு நாள் அவன் தனியாக உட்கார்ந்து எங்கள் ஏழு பேர் கிளாஸையும் பார்த்துக்கொண்டிருந்தான். இதை உன் மதினியிடம்கூடச் சொன்னதில்லை.

போனை எடுக்காதது கோபத்தால் என்று நினைக்காதே. பேச ஆரம்பித்தால் நாலு வார்த்தைக்கு மேல் ஓடுவதில்லை. எழுதுவதென்றால் நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது.

அண்ணன்


ஆத்தூர்
14 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

உன்னை விசாரிக்க மனம் வந்துவிட்டது. எப்படி இருக்கிறாய்?

யாருக்கும் தெரியாது என்றா நினைத்தாய்? உன் கடிதத்தில் பதினோரு இடத்தில் பேனா நின்றிருக்கிறது. நின்ற இடத்திலெல்லாம் ஜெல் மை பொட்டுப் பொட்டாக ஊறியிருக்கிறது. வருடக்கணக்கில் ஒரு மூச்சைப் பக்கத்திலிருந்து கேட்டவளுக்கு அதைப் படிக்கத் தெரியும். மல்லாந்து படுக்க முடிகிறதா? சட்டைப் பொத்தானைப் போடுவதற்குள் களைத்துப்போகிறதா? உனக்கும் காசம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்களா? மறைக்காமல் எழுது.

ரஃபியா சொல்லிக் கொடுப்பதை எழுதுகிறேன். மூச்சு முட்டும்போது பயந்து வாயால் இழுக்காதே. எதையாவது பிடித்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் சாய்ந்து நில். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான காப்பியை ஊதுவது போல மெல்ல விடு. இழுப்பதைவிட விடுவதற்கு இரண்டு மடங்கு நேரம் எடுக்க வேண்டும். நோயைத் தீர்க்காது, பயத்தைத் தீர்க்கும். அவருக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை.

டவுனிலிருந்து வருவார் என்று நீ எழுதியதை வைத்து நானும் ரஃபியாவும் திண்டுக்கல் பேகம்பூரில் தேடிக் கண்டுபிடித்தோம். மைதீன் பிச்சை இருக்கிறார். மூக்கில் குழாயோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உன் பேரைச் சொன்னதும் அவர் மனைவி குர்ஷித் பேகம் எழுந்து உள்ளே போய்விட்டார். எங்களைத் துரத்தத்தான் ஏதோ எடுத்து வருகிறார் என்று பயந்தேன். பிளாஸ்டிக் கவரில் மடித்த ஒரு சீட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். 2016 சீட்டு. தொழில் என்ற கட்டத்தில் கல்மாவு மில் என்று இருக்கிறது. எங்கள் அத்தனை பேர் சீட்டிலும் நிஜம் எழுதிய சீட்டு அது ஒன்றுதான் அண்ணே. “இதச் சொன்னதுக்குத்தான எங்கள ஒதுக்குனீக” என்றார்.

28ஆம் தேதி வருவீர்களா என்று மைதீன் அண்ணனிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “தங்கமுத்து வருவான்னா நானும் வாரேன். அவன் மூஞ்சியப் பாத்து ரெண்டு வார்த்த வையணும். அதுக்குன்னே செத்த மூச்சுச் சேத்து வச்சிருக்கேன்.”

நீ சபைக்கு வா என்று இனி எழுத மாட்டேன். முதலில் உனக்கு ஒரு எக்ஸ்ரே எடு. சீட்டுப் போடுகிற இடத்தில் என்ன வேலை என்று கேட்பார்கள். பக்கத்தில் நின்று பதில் சொல்ல உனக்கு மேஸ்திரி யாரும் இல்லை. என்ன சொல்வாய்?

கௌசல்யா


கொடைரோடு
25 பிப்ரவரி 2025

அன்புத் தங்கச்சி கௌசல்யாவுக்கு,

நான் வருவதற்கு முன்னால் இது வந்துவிட வேண்டும் என்று ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன்.

நேற்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். சீட்டுப் போடும் பெண் பேர், வயது எல்லாம் கேட்டுவிட்டு வேலை என்ன என்றாள். கல்மாவு மில் என்றேன். எனக்கே கேட்கவில்லை. கூலி என்று போட்டுவிடவா ஐயா என்று கேட்டாள். கூலி இல்லையம்மா, கல்லு மாவு மில்லு என்றேன். அதற்குள் மூச்சு முட்டிவிட்டது. பின்னாலிருந்து ஒருத்தன், “யோவ் பெருசு, வேலையச் சரியா எழுதுனா கலெக்டராக்கப் போறாகளா? நகருய்யா” என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் நகரவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் சாய்ந்து உதட்டைக் குவித்தேன். காப்பி ஊதுவது போல. எத்தனை பேரை அந்த இடத்தில் நிறுத்தி வாயை மூட வைத்திருக்கிறேன். அந்தப் பெண் பொறுமையாகத்தான் இருந்தாள். கம்ப்யூட்டரில் அப்படி ஒரு வேலை இல்லை ஐயா என்றாள். “அப்பக் கையால எழுதும்மா” என்றேன். அச்சடித்து வந்த சீட்டில் கூலியை அடித்து மேலே எழுதினாள். கல்மாவு மில், 22 வருடம். வாசித்துக் காட்டச் சொன்னேன். சத்தமாக வாசித்தாள். அதற்குப் பிறகுதான் கம்பியை விட்டேன்.

எக்ஸ்ரே அறை வாசலில் உட்கார்ந்திருந்தபோது, என்னை நகரச் சொன்னவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் மச்சினனும் இன்னொரு கல்மில்லில்தான் இருக்கிறானாம், இருமுகிறானாம். தோல் கடை இருக்கும் இடத்தையும் வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் கூட்டி வருவான்.

டாக்டர் என் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மாப்பிள்ளையின் படத்தை அன்று நானும் பார்த்தவன்தானே. மூலையில் இருக்கும் பேர் மட்டும்தான் வேறு. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. நல்லதுக்குத்தான் வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் தோப்புச் சாவியை முதலாளி மகன் ரோஹித்திடம் கொடுத்தேன். இங்கே என்ன குறை மேஸ்திரி என்று கேட்டார். “குறை ஒண்ணுமில்ல தம்பி. நான் தோட்டவேலை ஆளு இல்ல” என்றேன். அவருக்கு விளங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை நன்றாகவே விளங்கும்.

நீ திருப்பி அனுப்பிய என் கடிதத்தை உன் மதினி உப்பு ஜாடிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை நானாகக் கொடுப்பது. கீழே கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன். சபையில் நானே எழுந்துதான் சொல்வேன். நடுவில் எனக்கு மூச்சு நின்றால், நின்ற இடத்திலிருந்து நீ படி.

மைதீனிடம் சொல்லிவிடு, தங்கமுத்து வருகிறான் என்று. வையட்டும். ஆனால் மெதுவாக வையச் சொல். இரண்டு பேரும் அதற்கப்புறம் பேச வேண்டியிருக்கிறது.

வியாழக்கிழமை பத்து மணி பஸ்ஸில் நானும் உன் மதினியும் வருகிறோம். டிரங்குப் பெட்டியும் வருகிறது. அதில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். வாங்குவதும் வாங்காததும் உன் இஷ்டம். ஆனால் வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிட இப்போது என்னிடம் மூச்சு கிடையாது. கதவைத் திறந்தே வை.

உன் அண்ணன்,
தங்கமுத்து
கல்மாவு மில், 22 வருடம்